ஊற்றிலிருந்து ஐந்நூறு அடி

ரைன்ஹோல்ட்ஸ்பர்க் தபால் நிலையம்,
பென்சில்வேனியா.
செப்டம்பர் 6

அன்புள்ள ஹார்லனுக்கு,

ஃபெர்ன் எழுதுவது. நான் நலம். நீயும் நலமாக, அதாவது சமையலறை ஜன்னலோர நாற்காலியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, உட்கார்ந்திருப்பாய் என்று நம்புகிறேன்.

மூன்றாவது நாளே பொதுத் தொலைபேசியில் கூப்பிட்டு, 'லெஸ்டரை அனுப்பு, என்னால் முடியவில்லை' என்று நான் அழுவேன் என்றாய். அந்த நாள் வந்து போய்விட்டது. தபால் நிலைய வாசலில் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். கூப்பிடப் போவதில்லை. கூப்பிட்டாலும் நீ எடுக்கமாட்டாய், எடுத்தாலும் 'ம்' என்று சொல்லி வைத்துவிடுவாய். கடிதம் என்றால் நான் சொல்லி முடிக்கும்வரை நீ கேட்டுத்தான் ஆகவேண்டும்.

கிளம்புகிற அன்று நீ சொன்னதை மறந்திருக்கமாட்டாய். மறந்ததுபோல் நடித்தால் பக்கத்து வீட்டு லெஸ்டர் சாட்சி இருக்கிறான். "உன் வேகத்துக்கு அந்தக் கல்லு மலையில சட்டப்படி படுக்க எடமே சிக்காது ஃபெர்ன். ரெண்டாம் நாளே எவனாவது ரேஞ்சர் வந்து அபராதச் சீட்டு கிழிப்பான்" என்றாய். சிக்கும் என்றேன் நான். "சரி, ஒரு ராத்திரி கூட சட்டத்த மீறாம, நடுவுல வீட்டுக்கு ஓடி வராம, டெலவேர் ஆத்தங்கரை வரைக்கும் நடந்து முடி. முடிச்ச அன்னிக்கு நான் இந்தப் படிய எறங்கறேன்" என்றாய். நீ கிண்டலுக்குத்தான் சொன்னாய். நான் அதை அப்படியே மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பிப்ரவரியில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது உன்னை அந்தப் படியில் தூக்கி ஏற்றினார்கள். அதற்குப் பிறகு நீ இறங்கவே இல்லை. அஞ்சல் பெட்டிக்குக்கூட லெஸ்டர்தான் போகிறான். செயற்கைக் கால் கதவுக்குப் பின்னால் குடை மாதிரி சாய்ந்து நிற்கிறது. சர்க்கரை எடுத்துக்கொண்டது உன் இடது காலை மட்டும்தான், ஹார்லன். மற்றதையெல்லாம் நீயே கொடுத்துவிட்டாய். இதை நேரில் சொன்னால் நீ வானொலியைச் சத்தமாக வைப்பாய். அதனால் மலையேறி வந்து சொல்கிறேன்.

போன இலையுதிர் காலத்துக்கு முந்தினதில் இந்த மலைப்பாதையின் தெற்குப் பாதியை நாம் இருவரும் சேர்ந்து நடந்தோம். சஸ்குவெஹன்னா பாலத்தில் நின்று, "அடுத்த தடவை மிச்சம், அது பூரா கல்லு" என்று நீ கை காட்டினாய். அந்தப் பாலத்திலிருந்துதான் தொடங்கினேன். நீ சொன்னது சரி, பூராவும் கல்தான். மண்வெட்டி முனைபோல நட்டுக்கொண்டு நிற்கிற கல், மிதித்தால் ஆடுகிற கல், ஆடாது என்று நம்பி மிதித்தபின் ஆடுகிற கல். இளவட்டங்கள் ஒரு நாளில் இருபது மைல் போகிறார்கள். அறுபத்து மூன்று வயதில் எனக்கு ஆறு, மிஞ்சினால் ஏழு. தங்கல் கொட்டகைகளை எல்லாம் அவர்கள் காலை அளந்து கட்டியிருக்கிறார்கள். ஒரு கொட்டகைக்கும் அடுத்ததற்கும் நடுவில் எனக்கு ஒரு ராத்திரியோ இரண்டு ராத்திரியோ விழுகிறது.

அந்த ராத்திரிகளுக்கு நீதான் துணை. முப்பத்தெட்டு வருடம் வேட்டைக்காட்டு ரேஞ்சரோடு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தவளுக்குச் சட்டப் புத்தகம் தேவையில்லை. அரசாங்க வேட்டைக்காட்டில் யாரும் கூடாரம் அடிக்கக் கூடாது. இந்தப் பாதையில் நெடுந்தூரம் நடந்து காட்டைக் கடந்து போகிறவர்களுக்கு மட்டும் சலுகை. ஒரே ஒரு ராத்திரி, பாதையிலிருந்து இருநூறு அடிக்குள், ஊற்றிலிருந்தும் ஓடையிலிருந்தும் ஐந்நூறு அடி தள்ளி. ஆள் வாசனை இருந்தால் மான் தண்ணீருக்கு வராது என்று நீ காரணமும் சொல்வாய். நான் உருளைக்கிழங்கைப் பரிமாறிக்கொண்டே தலையாட்டுவேன். இப்போது தலையாட்டினது போதாது, அடி அளக்க வேண்டியிருக்கிறது. அளக்கிறேன். இதுவரை எல்லா ராத்திரியும் சுத்தம்.

காலை மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடு. உன் தங்கை எட்னா வெல்லப்பாகுப் பலகாரம் கொண்டுவந்தால் லெஸ்டரிடம் கொடுத்துவிடு, நீ ருசி பார்க்கக்கூட வேண்டாம். லெஸ்டர் மூலம் அனுப்பும்படி நான் உன்னிடம் சொன்ன சாப்பாட்டுப் பெட்டி இங்கே வந்து சேர்ந்தது. நன்றி.

கல்லோடு மல்லுக்கட்டும் உன்,
ஃபெர்ன்


ஷ்ராடர் கணவாய்,
செப்டம்பர் 12

அன்புள்ள ஹார்லனுக்கு,

இங்கே வந்திருந்த உன் இரண்டாவது பெட்டியைப் பிரித்ததும் முதலில் கண்ணில் பட்டது பிரெட்சல் பொட்டலம் இல்லை. வரைபடத்திலிருந்து நீ வெட்டி வைத்திருந்த நீளத் துண்டுதான். அதில் பென்சிலால் வட்டங்கள். வட்டம் போட்ட இடத்தில் படுக்கலாம், குறுக்குக்கோடு போட்ட இடத்தில் கூடாது, அப்படித்தானே? இரண்டு வட்டத்துக்கு நடுவில் எங்குமே ஏழு மைலுக்கு மேல் இல்லை. அப்படியென்றால் என் வேகத்தை நீ உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறாய். ஒரு வார்த்தை எழுதக் கை வரவில்லை, வட்டம் போட மட்டும் வந்ததா? பரவாயில்லை. வட்டத்துக்கே எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தபால்காரப் பெண் முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

இப்போது ஒரு கூத்தைச் சொல்கிறேன், சிரிக்காமல் படி. செவ்வாய்க்கிழமை மதியம் பெரிய பாறைக் காட்டில் பாதையைத் தவறவிட்டேன். நான் எங்கே தவறவிட்டேன், நீதான் தவறவிட வைத்தாய்.

பாதைக்கு அடையாளம் மரத்தில் வெள்ளைப் பட்டை. காட்டின் எல்லைக்கும் அடையாளம் மரத்தில் வெள்ளைப் பூச்சு. இரண்டுக்கும் வேறு நிறம் வைக்க உங்கள் இலாகாவில் ஒருவருக்கும் தோன்றவில்லையா? பாதையின் பட்டை ஒழுங்காக, கட்டம் கட்டினதுபோல் இருக்கும் என்று எனக்குத் தெரியும். எல்லைப் பூச்சு அப்பி வைத்ததுபோல் இருக்கும் என்றும் தெரியும். ஆனால் கண் முழுக்கக் காலடிக் கல்லில் இருக்கும்போது, தலையைத் தூக்கினால் வெள்ளையாக எது தெரிந்தாலும் அது வழிதான். மரத்துக்கு மரம் வெள்ளையைப் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்கிக்கொண்டே போனேன். வெகுநேரம் போனேன். பாறைமேல் தவழ்ந்தும் போனேன். கடைசியில் ஒரு ஓக் மரத்தில் 'தனியார் வேட்டைக் கழகம், உள்ளே வராதே' என்ற தகரம். அதற்குமேல் வெள்ளைப் பூச்சு. அந்தப் பூச்சின் அடியில் இடது பக்கமாக ஒரு வால்.

அந்த வாலை எனக்குத் தெரியாதா? பூசி முடித்ததும் தூரிகையை இடது பக்கம் ஒரு இழுப்பு இழுப்பது உலகத்தில் உனக்கு மட்டும்தான் பழக்கம். நம் கொட்டகைக் கதவில் அந்த வால் இருக்கிறது, அஞ்சல் பெட்டியில் இருக்கிறது, கோழிக்கூட்டிலும் இருக்கிறது. எந்த வருடமோ, முழுக் கோடைகாலமும் நீ எல்லைக்குப் பூச்சு அடித்துவிட்டு வருவாய், நான் சட்டையில் வெள்ளையைத் தேய்த்துத் தேய்த்துக் கை வலித்துத் திட்டுவேன், நினைவிருக்கிறதா? மதிய வெயிலில் நான் தவழ்ந்து இறங்கின அதே பாறைகளில் நீ ஒரு கையில் டப்பாவோடு இறங்கியிருக்கிறாய். அந்த மரத்தடியில் உட்கார்ந்து முதலில் சிரித்தேன். பிறகு அழுதேன். உன்னை நினைத்து அழுதேன் என்று ஒளிக்காமல் சொல்கிறேன். ஏழு மாதமாக ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவன்தான் இவன் என்று யாராவது அந்த மரத்திடம் சொன்னால் அது நம்பாது.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மரத்தடியில் தரை நன்றாகவே இருந்தது. வேட்டைக்காட்டுப் பக்கம்தான், தண்ணீரும் பக்கத்தில் இல்லை. ஆனால் பாதையிலிருந்து இருநூறு அடி என்ன, அரை மைலுக்குமேல் தள்ளி வந்திருந்தேன். என்னைத் தவிர யாருக்குத் தெரியப் போகிறது என்று மனசு ஒரு நிமிடம் பேசிப் பார்த்தது. உன் வாலுக்குக் கீழேயே சட்டத்தை மீறிப் படுத்தால் விடிந்ததும் எந்த முகத்தோடு எழுந்திருப்பேன்? மூட்டையை மாட்டிக்கொண்டு வந்த வழியே பாறையில் ஏறினேன். பாதையின் ஒழுங்கான பட்டையைப் பார்த்தபோது வெளிச்சம் கொஞ்சம்தான் மிச்சம். அங்கேயே அளந்து, இரண்டு கல்லுக்கு நடுவில் உடம்பை வளைத்துப் படுத்தேன்.

இந்த மலையில் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன். சட்டம் விடுகிற இடத்தில் கல் விடாது, கல் விடுகிற இடத்தில் சட்டம் விடாது.

முட்டி வீக்கம் அதிகமில்லை. நீ இரவில் கால், அதாவது முன்பு இருந்த கால், வலிக்கிறது என்று விழிப்பாயே, அது குறைந்ததா? லெஸ்டரிடம் கேட்டால் 'எல்லாம் சௌக்கியம்' என்றே சொல்வான். அவனுக்குப் பொய் சொல்லவும் வராது, உண்மை சொல்லவும் வராது.

உன் வெள்ளையில் வழி தவறிய,
ஃபெர்ன்


ஹொட்டன்ஸ்டைன் ஊர், லூதரன் சர்ச் விடுதி,
செப்டம்பர் 17

அன்புள்ள ஹார்லனுக்கு,

முதலில் கெட்ட செய்தி, அது சின்னதுதான். விழுந்துவிட்டேன். ஈரக் கல். இடது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது, எலும்பு முறியவில்லை என்று ஊர் டாக்டர் சொல்லிக் கட்டுப் போட்டிருக்கிறார். வலது கை நன்றாக இருக்கிறது என்பதற்கு இந்தக் கடிதமே அத்தாட்சி. சர்ச் போதகர் நல்ல மனிதர். "உங்க வீடு ரெண்டு மணி நேரம்தானேம்மா, நானே கொண்டு விடறேன். இதுல என்ன மானக்கேடு?" என்றார். மானக்கேடு இல்லை, ஒப்பந்தம் என்றேன். அவருக்குப் புரியவில்லை, இருந்தாலும் இன்னொரு கிண்ணம் சூப் ஊற்றினார்.

விழுந்தது காலையில். அன்று மாலை நடந்ததைத்தான் உனக்குச் சொல்லவேண்டும்.

மழை தூறிக்கொண்டிருந்தது. ஒற்றைக் கையால் ஊன்றி ஊன்றி வந்து, ஒரு ஊற்றுக்குப் பக்கத்தில் தலையைத் தூக்கினேன். கல்லே இல்லாத புல்தரை. சமதரை! இந்த மலையில் அப்படி ஒன்றைப் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று. மூன்று கூடாரம் ஏற்கெனவே நின்றது. மூன்று பையன்கள் நூடுல்ஸ் கிண்டிக்கொண்டிருந்தார்கள். "வாங்கம்மா, எடம் இருக்கு, கை வேற அடிபட்டிருக்கு, இங்கயே அடிங்க" என்று ஒருவன் எழுந்தேவிட்டான், எனக்கு உதவி செய்ய. ஊற்றுக்குப் பக்கத்தில் கூடாது, ரேஞ்சர் வருவார் என்றேன். "இந்த மழையில ரேஞ்சராவது வெங்காயமாவது" என்றான் இன்னொருவன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, உன் முகத்தை நினைத்து.

உண்மையைச் சொல்கிறேன், ஹார்லன். மூட்டையைக் கழற்றிப் புல்லில் வைத்துவிட்டேன். மணிக்கட்டு விண்விண் என்று தெறித்தது. இந்த மழையில் எந்த ரேஞ்சரும் வரமாட்டான் என்று அவர்கள் நினைத்தார்கள். வருகிற ஒருத்தனை எனக்குத் தெரியும், ஆனால் அவன் இப்போது தன் வீட்டுப் படியைக்கூட இறங்குவதில்லை. அந்த நினைப்பு வந்ததும் எனக்கு ஒரே கோபம். அவர்கள்மேல் இல்லை, உன்மேல். கோபத்தோடு மூட்டையை மறுபடி மாட்டி, ஊற்றிலிருந்து வாய்விட்டு எண்ணிக்கொண்டே மேட்டில் ஏறினேன். பையன்கள் எனக்கு 'ரேஞ்சரம்மா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். இங்கே நடக்கிற எல்லாருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு, இனி எனக்கு அதுதான்.

மேலே கல்லுக்கு நடுவில் நான் ஒற்றைக் கையால் கூடாரத்தோடு போராடிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் பின்னாலேயே ஏறி வந்தாள். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், ஒஹையோவில் பள்ளிக்கூட ஆசிரியை. எடை குறைக்க எல்லாரும் பல்துலக்கியின் பிடியை ஒடிக்கிற இடத்தில் இவள் முழுசாக ஒரு கெட்டில் சுமக்கிறாள், அதனால் அவள் பெயரும் கெட்டில். கூடாரத்தின் மறுமுனையைப் பிடித்தாள். பிறகு, "கீழ மெத்த மாதிரி புல்லு, மேல வந்து ஆணி மேல படுக்கறீங்க. வேண்டுதலா?" என்று கேட்டாள். என் புருஷன் முப்பது வருடம் இந்த மலையில் ரேஞ்சராக இருந்தவன் என்றேன். கெட்டில் கையிலிருந்த முளைக்குச்சியைக் கீழே வைத்தாள். "உயரமா, காது ரெண்டும் வெளிய நிக்குமே, அவரா?" என்றாள்.

காலேஜ் படிக்கும்போது தனியாக நடக்க வந்தாளாம். அதே புல்தரையில், அதே ஊற்றோரம் கூடாரம் அடித்திருக்கிறாள். அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன். "பொழுது சாயற நேரம், வந்து நின்னாரு. நான் பயந்தே போயிட்டேன். ஒரு வார்த்த திட்டல. 'தனியா வந்திருக்கியாம்மா'ன்னாரு, உக்காந்து என் கூடாரத்த அவரே மடிச்சாரு. என் மூட்டய அவர் தோள்ல போட்டுக்கிட்டு, அடி எண்ணிக்கிட்டே மேட்டுல ஏறினாரு. கல்லையெல்லாம் பொறுக்கிப் போட்டு எடம் பண்ணிக் குடுத்து, கூடாரத்த அடிச்சு முடிச்சாரு. அப்பாடா, விட்டுட்டாருன்னு நெனச்சேன். அப்புறம் பையிலேர்ந்து சீட்டு எடுத்து அபராதம் எழுதிட்டாரு மனுஷன்!"

அவள் சிரித்த சிரிப்பில் கெட்டிலில் இருந்த டீ சிந்திவிட்டது. அந்தச் சீட்டை இன்னும் வைத்திருக்கிறாளாம். 'எனக்கு அபராதம் போட்டவங்க எல்லாரையும் மறந்துட்டேன், இவர மறக்கல' என்றாள். நாங்கள் படுத்த இடத்தில் உண்மையிலேயே ஒரு கூடாரம் அளவுக்குக் கல் குறைவாக இருந்தது. நீ அன்று பொறுக்கிப் போட்ட இடமா என்று எனக்குத் தெரியாது. அப்படியே வைத்துக்கொண்டேன். அன்று நன்றாகத் தூங்கினேன்.

இந்த ஊருக்கு வந்த பெட்டியில் வட்டம் போட்ட வரைபடத் துண்டோடு உன் ஆரஞ்சுத் தொப்பியும் வந்திருக்கிறது. வேட்டைக் காலம் நெருங்குகிறது, எவனும் என்னை மான் என்று நினைத்துச் சுடக் கூடாது என்பதற்காக. அந்தத் தொப்பியை நீ யாருக்கும் கொடுத்ததில்லை. எனக்குப் பெரிதாக இருக்கிறது, காதை மூடுகிறது. உன் தலை வாசனை அடிக்கிறது. அதைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன், போதகரின் மனைவி ஒரு மாதிரி பார்க்கிறாள்.

முட்டியும் மணிக்கட்டும் சேர்ந்து முணுமுணுத்தாலும், விடப்போவதில்லை.

உன் தொப்பிக்குள் இருக்கும்,
ரேஞ்சரம்மா


லாபாக்ஸ்டவுன்,
செப்டம்பர் 22, திங்கள்

அன்புள்ள ஹார்லனுக்கு,

கடைசிப் பெட்டி கிடைத்தது. வரைபடத் துண்டை மேசையில் விரித்து வட்டத்தைத் தேடினேன். முதலில் இரண்டு வட்டம் இருந்தது, புதன்கிழமை ராத்திரி வரைக்கும். அதற்குப் பிறகு டெலவேர் ஆறு வரைக்கும் ஒன்றுகூட இல்லை. வேட்டைக்காடு முடிந்து, தண்ணீர்க் கம்பெனி நிலம், அதை ஒட்டித் தனியார் கழகத்தின் நிலம், வரிசையாகக் குறுக்குக்கோடு. நடுவில் கெர்ஷ்னர் கணவாயில் ரோடு குறுக்கே போகிறது. அந்த இடத்தில் உன் கையெழுத்து. ஏழு மாதத்தில் நீ எனக்கு எழுதின முதல் வார்த்தைகள்: 'இடமில்லை. லெஸ்டர் வருவான்.'

இதை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே. இடமில்லை என்று எழுத உனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். வரைபடத்தை அழிரப்பரால் தேய்த்துத் தேய்த்துக் காகிதம் மெலிந்திருக்கிறது. வட்டம் போட ஒரு மூலையாவது கிடைக்காதா என்று நீயும் தேடியிருக்கிறாய். என்னைத் தோற்கடிக்க நினைக்கிறவன் அப்படித் தேடமாட்டான்.

நானும் தேடினேன். இந்த ஊர்க் கடையில் பெரிய வரைபடத்தை வாங்கிப் பார்த்தேன், கழகத்துக்குப் போன் செய்தேன். "எங்க நெலத்துல ஒருத்தருக்கு விட்டா ஊருக்கே விடணும், மன்னிச்சுக்கோங்கம்மா" என்றார் அந்த மனிதர், மரியாதையாகத்தான். தண்ணீர்க் கம்பெனியில் மறுபேச்சே இல்லை. கடைசி வட்டத்திலிருந்து ஆற்றங்கரை வரைக்கும் உள்ள பதின்மூன்று மைலையும் ஒரே நாளில் முடிக்கப் பார்க்கலாம். ஆனால் அது இந்தப் பாதையிலேயே மோசமான கல், எனக்கு ஒரு கை. இருட்டில் அந்தக் கல்லில் இறங்கினால் உனக்குச் சரிசமமாக நானும் ஒரு காலைக் கொடுத்துவிட்டு வரவேண்டியிருக்கும்.

ஆகவே மிச்சம் ஒரே ராத்திரி. வியாழக்கிழமை ராத்திரி. கணவாய்க்குக் கீழே ஆறு மைலில் ஒரு மோட்டல் இருக்கிறது. அங்கே படுத்து, விடிந்ததும் அதே ரோட்டில் வந்து விட்ட இடத்திலிருந்து நடந்தால் எந்தச் சட்டமும் மீறினதாகாது. வீட்டுக்கு ஓடி வந்ததாகவும் ஆகாது. கணவாயிலிருந்து யாராவது காரில் கூட்டிக்கொண்டு போகவேண்டும், அவ்வளவுதான்.

யாராவது. கெட்டில் முன்னாலேயே போய் ஆற்றங்கரையில் தன் காரை எடுத்திருப்பாள். 'ஒரு போன் போடுங்க, பறந்து வரேன்' என்று எண் கொடுத்திருக்கிறாள். மோட்டல்காரரே வந்து ஏற்றிக்கொள்வாராம். உன் லெஸ்டரும் வருவான். மூன்றும் சட்டத்துக்குப் போதும். எனக்குப் போதாது, ஹார்லன்.

நீ வா.

லெஸ்டரிடம் இப்போதுதான் போனில் பேசினேன். 'வியாழக்கிழமை உன் கார் ரிப்பேர், லெஸ்டர்' என்றேன். "என் காருக்கு ஒண்ணுமில்லையே ஃபெர்ன்" என்றான். வியாழக்கிழமை ரிப்பேர் என்று மறுபடி சொன்னேன். "உங்க ரெண்டு பேர் சண்டையில என்ன எதுக்கு இழுக்கறீங்க" என்று புலம்பிவிட்டு, பிறகு புரிந்துகொண்டு சிரித்தான். ஆகவே லெஸ்டர் வரமாட்டான்.

நீ என்ன சொல்வாய் என்றும் எனக்குத் தெரியும். கிளட்ச் மிதிக்க இடது கால் இல்லை என்பாய். அது உன் லாரிக்கு. கொட்டகையில் என் பியூக் நிற்கிறது. கியரும் இல்லாமல் கிளட்சும் இல்லாமல் போகிற காரெல்லாம் காரா, சக்கரம் வைத்த சோபா என்று பத்து வருடமாகக் கேலி செய்தாயே, அதே பியூக். அதற்கு வலது கால் மட்டும் போதும். உன் வலது காலில் ஒரு குறையும் இல்லை, டாக்டர் என் முன்னாலேயே சொன்னார். ஊரார் பார்ப்பார்கள் என்பாய். பார்க்கட்டும். காது இரண்டும் வெளியே நிற்பதை நாற்பது வருடமாகப் பார்க்கிறார்கள், பழகிவிட்டது.

நான் நடந்து முடித்த அன்று படியை இறங்குகிறேன் என்று நீ சொன்னாய். நீ இறங்கினால்தான் நான் முடிக்க முடியும் என்று இந்த மலை சொல்கிறது. நான் திட்டம் போட்டதில்லை, உன் பென்சிலே சொன்னது. யார் ஜெயித்தது என்று பிறகு பேசிக்கொள்வோம். வேண்டுமென்றால் நீயே ஜெயித்ததாக வைத்துக்கொள்.

எனக்கு நடக்க ஆசை இருந்தது உண்மைதான். ஆனால் இத்தனை கல்லையும் மிதித்தது அதற்காக மட்டும் இல்லை. அந்த நாற்காலியில் நீ கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே போவதைப் பக்கத்திலிருந்து பார்க்க என்னால் முடியவில்லை. பயமாக இருந்தது. பயத்தில் உட்கார்ந்திருக்க எனக்குத் தெரியாது, நடக்கத்தான் தெரியும். அதனால் நடந்தேன்.

மோட்டலில் கீழ்த்தளத்தில் அறை சொல்லியிருக்கிறேன், படியில்லாத அறை, இருவருக்கு. வெள்ளிக்கிழமை காலையில் என்னைக் கணவாயில் இறக்கிவிட்டுப் போய், சாயங்காலம் டெலவேர் பாலத்தில் காரை நிறுத்திக் காத்திரு. அங்கே நீ நிற்பதைப் பார்த்தபடி கடைசி மைலை நான் நடக்கவேண்டும்.

வியாழக்கிழமை மதியத்துக்குமேல் கெர்ஷ்னர் கணவாயில், சரளைக்கல் கொட்டின இடத்தில், ஆரஞ்சுத் தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். யார் காரை நிறுத்தினாலும் ஏறமாட்டேன். பொழுது சாய்கிறவரை நீ வரவில்லை என்றால், அங்கே ரோட்டோரம் ஒரு ஓடை ஓடுகிறது. அதன் கரையிலேயே, தண்ணீருக்கு ஐந்து அடியில், 'கூடாரம் அடிக்காதே' என்ற பலகைக்கு நேர் கீழே கூடாரம் அடிப்பேன். தீயும் மூட்டுவேன். அப்போதாவது சீட்டை எடுத்துக்கொண்டு அபராதம் எழுத வருவாய் அல்லவா? எப்படி வந்தாலும் சரி, வந்துவிடு.

சாவி மாவு டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது. மாத்திரையை மறக்காதே. ஒரு மெல்லிய தலையணை எடுத்துக்கொள், அந்த மோட்டலில் கொடுப்பது கல் மாதிரி இருக்கும், எனக்குக் கல் போதும். கதவோரம் நிற்கிற காலை மாட்டிக்கொண்டு வா. நான் கிளம்புவதற்கு முன் லெஸ்டரை விட்டு வெளியே படியோரம் ஒரு கைப்பிடி அடிக்கச் சொன்னேன், நீ அந்தப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. உறுதியான ஓக் மரம். இடது கையால் பிடித்துக்கொள்.

முதல் படி மட்டும் கொஞ்சம் உயரம். பார்த்து இறங்கு.

உன்,
ஃபெர்ன்